கணக்கில் சேராத ஆட்டம்

நான்கு டிக்கெட்டையும் நான்தான் வாங்கினேன்.
குணாளனிடம் ஷாருல் வருவதைச் சொல்லவில்லை,
ஷாருலிடம் குணாளன் வருவதை.
கமலினிக்கு இரண்டும் தெரியும்;
பந்தாட்டம்தான் தெரியாது.

பூன் லேயில் ஏறும்போதே வானம்
கழுவாத கோப்பிச் சட்டி.
இவன் இந்தக் கதவோரம், அவன் அந்தக் கதவோரம்.
நடுவில் நின்று நானும் அவளும்
பதினாறு நிலையங்களுக்கும்
மழை வருமா வராதா என்றே பேசினோம்.

எட்டு மாதமாகிறது.
ஒரு பழைய வேன், பாதிப்பாதிப் பணம்,
ஓடாத எஞ்சின்.
யார் யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்று
இருவரிடமும் ஒரு தாள் இருக்கிறது.
இரண்டு தாளிலும் கூட்டல் சரி.

லவண்டரில் வெளியே வந்ததும் கொட்டியது.
டிர்விட் சாலை நெடுகச் சிவப்புச் சட்டைகள்
அஞ்சடியில் ஒதுங்கி ஒதுங்கி ஓடின.
இருந்த ஒரே குடையை வாசலில் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.
மூன்று வெள்ளி மழையங்கி,
விற்பவரிடம் மிச்சமிருந்தது மூன்று.
"எனக்கு வேணாம்" என்றான் குணாளன்.
"தா பயா லா" என்றான் ஷாருல், அதே மூச்சில்.
மூன்றாவதை இருவருக்கும் நடுவே
காலி நாற்காலியில் விரித்தேன்.
மழை அதில் உட்கார்ந்து பார்த்தது.

"அந்த நாடு எங்க இருக்கு?" என்றாள் கமலினி.
தரவரிசையில் தெரியும். வரைபடத்தில் தெரியாது.
அந்நாட்டுக்காரர்கள் பதினோரு பேர்
எதிர்ப்பக்கக் கூரையடியில், ஒரு மேளத்தோடு.
"ஜெயிச்சா என்ன கிடைக்கும்?"
"ஒண்ணும் இல்ல. இது நட்புமுறை ஆட்டம்."
"அப்ப எதுக்கு அவன் கால்ல இவன் ஏறி மிதிக்கிறான்?"

பதிலுக்கு முன்னே மின்னல் எச்சரிக்கை.
ஆட்டக்காரர்கள் உள்ளே போனார்கள்.
நாற்பது நிமிடம்
செயற்கைப் புல்லில் அசல் குளம் ஒன்று
நிரம்புவதைப் பார்த்தோம்.
பின்னாலிருந்த வீவக வீடுகளில்
யாரோ உள்ளே இழுக்க மறந்த கம்பில்
ஒரு பள்ளிச் சட்டை
கைவீசி ஆடிக்கொண்டிருந்தது.

மறுபடி விசில் ஊதி வெகுநேரமாகியும்
ஷாருலின் பற்கள் தந்தியடித்தன.
குணாளனின் உதடு நாவற்பழம்.
"வாங்கடா" என்று கழிப்பறைக்கு இழுத்துப்போனேன்.
கை உலர்த்தும் இயந்திரம் ஒன்றுதான் வேலை செய்தது.
குணாளன் சட்டையைக் கழற்றி அதனடியில் பிடித்தான்.
ஷாருல் சுவரைப் பார்த்து நின்றான்.
இயந்திரம் நின்றது. ஓடியது. நின்றது.
குணாளன் நகரவில்லை,
சட்டையை மட்டும் கொஞ்சம் தள்ளிப் பிடித்தான்.
அந்த இடத்தில் இன்னொரு சட்டை வந்தது.

இரைச்சலுக்கு அப்பால் "ஓ" என்று ஒரு சத்தம்.
மகிழ்ச்சியா, துக்கமா?
வெற்று மார்போடு ஓடினோம்.
பலகையில் பூஜ்யம், ஒன்று.
எங்கள் பக்கம் முழுக்க உட்கார்ந்திருக்க
கமலினி மட்டும் நின்று கைதட்டிக்கொண்டிருந்தாள்.
எதிர்ப்பக்கப் பதினோரு பேரும்
அவளைப் பார்த்து மேளம் அடித்தார்கள்.

திரும்பும் ரயிலில்
"எப்படிப் போட்டான்?" என்று கேட்டே ஆகவேண்டியிருந்தது.
"ஒருத்தன் உதைச்சான். பந்து தண்ணில நின்னுடுச்சு.
கோலி வழுக்கிக்கிட்டே அதைத் தாண்டிப் போயிட்டாரு.
அப்புறம் ஒரு குட்டைப் பையன் வந்து
தூங்குற பிள்ளையத் தூக்குற மாதிரி..."
"இடது காலா, வலது காலா?"
"கால்."

எங்கள் எட்டுச் செருப்பும் ஆட்டக்காரர்கள்,
இருபது காசு பந்து.
"இவன் இங்க நின்னா ஆஃப்சைட்" என்றான் குணாளன்.
"ஆஃப்சைட்டேதான்" என்றான் ஷாருல்,
என்னைப் பார்த்து.
குவீன்ஸ்டவுனில் ரயில் குலுங்க
காசு உருண்டது.
இரண்டு கால்கள் ஒரே நேரத்தில் நீண்டன.
எதுவும் அதைப் பிடிக்கவில்லை.

ஜூரோங் கிழக்கில் குணாளன் இறங்கினான், இரவு வேலை.
எனக்கும் கமலினிக்கும் தலையசைத்தான்.

பூன் லேயில் இன்னும் பெய்துகொண்டிருந்தது.
அப்போதுதான் நினைவு வந்தது,
குடை ஜாலான் புசார் வாசலிலேயே.
"நாளைக்கு அந்தப் பக்கம்தான் டெலிவரி,
எடுத்துட்டு வரேன்" என்றான் ஷாருல். "யாரோடது?"
சொன்னேன்.
கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தான்.
"என்ன நிறம்?" என்றான்.